கேள்விக்குறிக்குள் ஒளிந்திருப்பவை: அபூர்வ ஜியோகேச்களைத் தேடும் வாசகர்களுக்குப் பதில்கள்

சென்ற இதழில் ஜியோகேச்சிங் என்னும் பொழுதுபோக்கை அறிமுகம் செய்திருந்தோம். ஒருவர் ‘கேச்’ எனப்படும் ஒரு பெட்டியை ஓரிடத்தில் மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோ கைபேசியோ கொண்டு அதைத் தேடிப்போய், உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாதாரணப் பெட்டிகளைப் பற்றிக் கேட்கவில்லை. பேய்ச் சின்னம் கொண்ட, பெட்டியே இல்லாத கேச்கள், கேமரா முன் நின்றால் போதும் என்கிற ‘வெப்கேம்’ கேச்கள், குரங்குச் சின்னம் கொண்ட கேச்கள் ஆகியவற்றை இணையத்தில் எப்படித் தேடுவது என்றே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கைபேசிச் செயலியைத் திறந்தால் எங்கள் பகுதி முழுவதும் பச்சைப் பெட்டிச் சின்னங்களாகவே இருக்கின்றன. தேடல் கட்டத்தில் ‘வெப்கேம்’ என்று தட்டினால் தொடர்பில்லாத ஏதோ ஓர் ஊரைக் காட்டுகிறது. நீங்கள் எழுதிய பேய்ச் சின்னமும் கேமராச் சின்னமும் எங்கேதான் இருக்கின்றன?
– வாசகி, டொரன்டோ

பதில்: அந்தத் தேடல் கட்டம் உங்களிடம் கேட்பது ஊர்ப்பெயரையோ, இட எண்களையோ, ‘ஜிசி’ என்று தொடங்கும் கேச் குறியீட்டையோதான். வகையின் பெயரைத் தட்டினால், அதையும் ஊர்ப்பெயராகவே எடுத்துக்கொண்டு உலக வரைபடத்தில் துழாவும். வகை என்பது தேடுசொல் அன்று. அது ‘ஃபில்டர்’ எனப்படும் வடிப்பானில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் வாரக்கணக்கில் தட்டிப்பார்த்துச் சலித்தவர்களை நான் அறிவேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இலவச உறுப்பினர்களுக்கு அதிகாரபூர்வச் செயலி எளிய பாரம்பரியப் பெட்டிகளையும் நிகழ்வுகளையும்தான் முழுமையாகத் திறந்துகாட்டும்; மற்றவை சாம்பல் நிறத்தில் ஒதுங்கி நிற்கும். அதே கணக்கைக் கொண்டு கணினியில் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தின் வரைபடத்தைத் திறந்தால், கட்டண உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை தவிர மற்ற எல்லா வகைகளும் சின்னங்களாகத் தெரியும். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்கள் ‘சி:ஜியோ’ என்னும் இலவசச் செயலியை நிறுவிக்கொள்ளலாம். அது இறக்கிவைத்த கேச்களை வகை வாரியாகப் பிரித்துக் காட்டும்.

கட்டண உறுப்பினரானால் வேலை இன்னும் எளிது. தேடல் பக்கத்தில் முதலில் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு இடத்தைக் கொடுங்கள். கொடுக்கும்போதும் ஊரைக் கொடுக்காமல் மாகாணத்தையோ நாட்டையோ கொடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் என்று வட்டம் போட்டுவிட்டு அதற்குள் அபூர்வத்தைத் தேடுகிறார்கள். அபூர்வம் என்றாலே அது வீட்டு வாசலில் கிடைக்காதது என்றுதானே பொருள்? நாடு முழுவதையும் ஒரே வகையைக் கொண்டு வடித்தால், சில வகைகளுக்கு விடை ஒரு திரைக்குள் அடங்கிவிடும். ‘பாக்கெட் குவெரி’ என்னும் வசதியின் வழியே, இத்தகைய தேடலின் விளைவை 1,000 கேச்கள் வரை ஒரே கோப்பாக இறக்கி, பயணத்தின்போது இணையம் இல்லாமலும் பார்க்கலாம்.

பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. எப்படியாவது ஒரே ஒரு வெப்கேம் கேச்சின் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். அந்தப் பக்கத்திலேயே, அது எந்தெந்த உறுப்பினர்களின் பொதுப் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது என்ற இணைப்புகள் இருக்கும். அபூர்வ வகைகளைத் தேடித் திரிபவர்கள் தங்களுக்காகத் தொகுத்துவைத்த பட்டியல்கள் அவை. ஒன்றைப் பிடித்தால் கொடியை இழுத்தாற்போல மற்றவையும் வந்துவிடும். எந்த வடிப்பானைவிடவும் இந்த வழியில்தான் நான் அதிகம் கண்டடைந்திருக்கிறேன்.

கேள்வி: மொத்தம் எத்தனை வகைகள் உள்ளன? அவற்றுள் உண்மையிலேயே அபூர்வமானவை எவை?
– வாசகர், மதுரை

பதில்: எண்ணிக்கையைச் சொல்வதில் பெரிய பயன் இல்லை, நிகழ்வுகளின் உட்பிரிவுகளைச் சேர்த்தால் ஒரு கணக்கு, விட்டால் ஒரு கணக்கு. அபூர்வமானது ஏன் அபூர்வமாயிற்று என்பதை அறிந்துகொண்டால், எப்படித் தேடுவது என்பது தானே புலப்படும்.

முதலில், கதவு மூடப்பட்ட வகைகள். பேய்ச் சின்னம் கொண்ட ‘வர்ச்சுவல்’ வகையில் பெட்டி கிடையாது. ஒரு நினைவுச்சின்னத்தின் முன் நின்று, அங்கே பொறித்திருப்பதைப் படித்து, கேட்ட கேள்விக்கு விடையனுப்ப வேண்டும். வெப்கேம் வகையில், பொது இடத்தைப் படம்பிடித்து இணையத்தில் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேமராவின் முன் நின்று, அந்தப் படத்தை யாரையாவது கொண்டு சேமிக்கச் செய்ய வேண்டும். இவ்விரண்டிலும் புதியவற்றை ஏற்பதை ஜியோகேச்சிங் டாட் காம் தளம் 2005-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. அதற்கு முன் இருந்தவை மட்டும் தொடர அனுமதிக்கப்பட்டன. வெப்கேம்களின் நிலை இன்றும் அதுவே. ஒவ்வொரு கேமரா பழுதாகும்போதும் உலகத்தில் ஒன்று குறைகிறது. வர்ச்சுவல் வகைக்கு மட்டும் 2017-இல் சன்னல் ஒன்று திறந்தது: தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நான்காயிரம் பேருக்கு ஆளுக்கு ஒன்று வைக்க உரிமை கொடுத்தார்கள், பின்னரும் சில சுற்றுகள் அவ்வாறு நடந்தன. எனவே வர்ச்சுவல்களைத் தேடும்போது வெளியிட்ட தேதியைப் பாருங்கள். 2005-க்கு முற்பட்டவை ஒரு தலைமுறை, 2017-க்குப் பிற்பட்டவை இன்னொரு தலைமுறை. பழையவற்றுள் பல எளிமையானவை, சில அலட்சியமானவையும்கூட. புதியவற்றில், கிடைத்த ஒற்றை உரிமையை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை தெரிகிறது.

‘இடமில்லாக் கேச்’ என்ற வகை இவற்றையெல்லாம்விட விசித்திரமானது. மற்றவற்றில் இடத்தைக் கொடுத்துப் பொருளைத் தேடச் சொல்வார்கள். இதில் பொருளைச் சொல்லி இடத்தைக் கண்டுபிடித்து வரச் சொல்வார்கள். மஞ்சள் நிறக் கார் ஒன்றைக் கண்டு அதன் இட எண்களைப் பதிவிடுக என்பதுபோல. 2006-இன் தொடக்கத்தில் இவை மூடப்பட்டன. 2019-இல் கொண்டாட்டமாக ஒன்றைச் சில காலத்துக்கு உயிர்ப்பித்தார்கள். பழையவற்றின் பக்கங்கள் காப்பகத்தில் இருப்பதால் குறியீட்டைக் கொண்டு படித்துப் பார்க்கலாம், பதிவிட முடியாது.

அடுத்து, கூட்டத்தால் உருவாகும் வகைகள். ஒரு நிகழ்வுக்கு ஐந்நூறு பேருக்கு மேல் வந்தால் ‘மெகா’, ஐயாயிரத்தைத் தாண்டினால் ‘கிகா’. முதல் கிகா 2014-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்தது. குப்பை பொறுக்கும் நிகழ்வுகளுக்குத் தனி வகையே இருக்கிறது. நிகழ்வுகளைப் பொறுத்தவரை இடத்தைவிடத் தேதியைக் கொண்டு தேடுவதே முறை.

‘லெட்டர்பாக்ஸ்’ கலப்பு வகை அவ்வளவு அபூர்வம் இல்லையென்றாலும் வயதில் எல்லாவற்றுக்கும் பாட்டன். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் பூல் என்னும் எட்டாத இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் ஒரு புட்டியை வைத்து, வந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதில் போட்டுச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். அந்த மரபிலிருந்து வந்த இவ்வகைப் பெட்டிகளில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். அதை உங்கள் குறிப்பேட்டில் குத்திக்கொள்ளலாம், எடுத்துச்செல்லக் கூடாது.

கேள்வி: என் மகன் சியாட்டலில் பணிபுரிகிறான். அங்கே குரங்குமுகச் சின்னம் கொண்ட கேச் ஒன்று இருப்பதாகச் சொல்கிறான். விளையாட்டுக்குச் சொல்கிறானா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்மையைத்தான் சொல்கிறான். ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ திரைப்படம் 2001-இல் புதிதாக எடுக்கப்பட்டபோது, அதன் விளம்பரத்துக்காகப் படத்தயாரிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு டஜன் அளவில் சிறப்புக் கேச்கள் வைக்கப்பட்டன. ‘புராஜெக்ட் ஏப்’ என்ற தனி வகையாக அவை பதிவாயின. விளம்பரம் முடிந்ததும் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போக, தப்பியவை இரண்டு. ஒன்று பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்துக் காட்டில் இருக்கிறது. அதன் குறியீடு ஜிசிசி67. மற்றொன்றுதான் உங்கள் மகன் சொல்வது: ஜிசி1169, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோக்வால்மி கணவாயை ஒட்டியது.

பின்னதன் கதை ஒரு துப்பறியும் கதைக்கு ஈடானது. 2011-இல் யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேச் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 2016-இல் அதே பெட்டி மீண்டும் அகப்பட, கேச்சுக்கும் உயிர் கொடுத்தார்கள். அந்த இடைக்காலத்தில் வகையைக் கொண்டு தேடியவர்களுக்கு உலகம் முழுவதிலும் ஒரே ஒரு குரங்குச் சின்னம்தான் கிடைத்தது. காப்பகத்துக்குப் போனது வரைபடத்தில் வராது. குறியீட்டைத் தட்டினால் மட்டும் பக்கம் திறக்கும். அதனால்தான் அபூர்வமானவற்றின் குறியீடுகளைத் தாளில் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அங்கே போகும் பலர் கைவிடப்பட்ட ரயில் சுரங்கப்பாதை ஒன்றின் வழியாக மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் நடந்து போகிறார்கள். குளிர்காலத்தில் அந்தச் சுரங்கத்தை அடைத்துவிடுவார்கள் என்பதால் கோடையில் போவதே நல்லது. சியாட்டலில் உள்ள ஜியோகேச்சிங் டாட் காம் தலைமையகத்துக்கென்றே ஒரு தனி வகை இருக்கிறது. அந்தச் சின்னம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அருகிலுள்ள ஆரிகன் மாநிலத்தில், முதல் பெட்டி வைக்கப்பட்ட இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. குரங்கு, தலைமையகம், பலகை ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் முடிப்பதைத் தேடிகளின் வட்டத்தில் ‘டிரையட்’ என்பார்கள். மகனைப் பார்க்கப் போகும்போது நீங்களும் முயலலாம்.

கேள்வி: நீலக் கேள்விக்குறிச் சின்னம் கொண்ட கேச்களின் இடத்துக்குப் போனால் அங்கே ஒன்றுமே இருப்பதில்லை. இரவில் மட்டும் தேடக்கூடிய கேச்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த வகையோ பட்டியலிலேயே இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி, தொடர்பு உண்டு. வீட்டில் எங்கே வைப்பதென்று தெரியாத சாமான்களையெல்லாம் பரணில் ஏற்றிவிடுவதுபோல, எந்த வகையிலும் அடங்காதவற்றையெல்லாம் இந்தக் கேள்விக்குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். குறுக்கெழுத்தும், மறைகுறியாக்கமும், வன்பொருள் விளையாட்டுகளும், சவால் கேச்களும் அங்கேதான் கிடக்கின்றன. ஆகவே உண்மையான விசித்திரங்களை விரும்புகிறவர் பேய்ச் சின்னத்தைவிட இந்தப் பரணைத்தான் அதிகம் துழாவ வேண்டும் என்பேன்.

வரைபடத்தில் கேள்விக்குறி நிற்கும் இடம் பெரும்பாலும் பொய்யான இடம். புதிரை விடுவித்தால்தான் மெய்யான இட எண்கள் கிடைக்கும். அந்த இடம் பொய்யிடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே ஏற்கெனவே தெரிந்த பெட்டிகளைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்கு வட்டம் போட்டு நீக்கிவிட்டால், தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கும். துப்பு வரி புரியாத எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதும் ‘ராட்13’ முறைதான், ஒரு சொடுக்கில் அவிழ்ந்துவிடும். விளக்கத்தில் எதுவுமே இல்லையென்றால் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விடையை ஒளித்துவைப்பது இத்துறையின் மிகப் பழைய குறும்பு.

இரவுக் கேச்களுக்கு வருவோம். அவை தனி வகை அல்ல; கேள்விக்குறியாகவோ, பல இடங்களைக் கடந்து போக வேண்டிய பல்படிக் கேச்சாகவோ பதிவாகியிருக்கும். காட்டுப்பாதையில் மரங்களின்மேல் சின்னஞ்சிறு பிரதிபலிப்பான்களைக் குத்திவைத்திருப்பார்கள். பகலில் அவை கண்ணில் படா. இரவில் டார்ச் வெளிச்சம் பட்டால் பூனைக் கண்போல் மின்னி அடுத்த மரத்துக்கு வழிகாட்டும். இவற்றைப் பிடிக்க, வகையை விட்டுவிட்டுப் பண்புச் சின்னங்களைக் கொண்டு தேட வேண்டும். ஒவ்வொரு கேச்சின் பக்கத்திலும் ஓரமாகச் சிறுசிறு படங்கள் இருக்கும்: இரவில் செல்க, டார்ச் தேவை, புறஊதா விளக்கு தேவை, படகு தேவை, மரமேற வேண்டும், நீர்மூழ்கும் கருவி வேண்டும் என்று. கார்மின் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ‘சர்ப்’ என்னும் குட்டி அலைபரப்பியைக் கொண்டு அடுத்த இடத்தைச் சொல்லும் கேச்களுக்கும் கம்பியில்லா அலைபரப்பி என்ற பண்புச் சின்னம் உண்டு. வகை உயரம் என்றால் பண்பு ஆழம். இரண்டையும் சேர்த்து வடித்தால்தான் பரணில் இருப்பது கைக்கு எட்டும்.

பெயரைக் கொண்டு தேடுவதும் இங்கே பலிக்கும். குறிப்பிட்ட சாதனையை முடித்தவர்கள் மட்டுமே பதிவிடக்கூடிய சவால் கேச்களின் பெயரில் ‘சேலஞ்ச்’ என்ற சொல் இருந்தே தீர வேண்டும் என்று விதி இருப்பதால், அந்தச் சொல் ஒன்றே போதும். மற்றவற்றுக்கு அந்தந்த நாட்டு வழக்கை அறிய வேண்டும். ஜெர்மனியில் இரவுக் கேச்களை ‘நாஹ்ட்கேஷ்’ என்றும், கைவிடப்பட்ட ஆலைகளையும் மாளிகைகளையும் சார்ந்தவற்றை ‘லாஸ்ட் பிளேஸ்’ என்றும் பெயரிலேயே எழுதிவிடுவார்கள். பின்னது ஆங்கிலம்போல் தோன்றினாலும் ஜெர்மானியர்கள் தாமே ஆக்கிக்கொண்ட வழக்கு. எந்த நாட்டில் தேடுகிறீர்களோ அந்நாட்டுத் தேடிகளின் சொல்லையே தட்டுங்கள்.

கேள்வி: இங்குள்ள நண்பர் ஒருவர், ஊர் ஊராக நகரும் கேச் ஒன்றைத் தாம் கண்டதாகச் சொன்னார். நான் பெரிய தளத்தில் தேடியவரை அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.
– வாசகி, டோர்ட்மண்ட், ஜெர்மனி

பதில்: நீங்கள் தேடிய தளத்தில் கிடைக்காது; அங்கே நகரும் கேச்களுக்கு இப்போது அனுமதி இல்லை. ஜியோகேச்சிங் என்றாலே அந்த ஒரே தளம்தான் என்று நினைத்துவிடுகிறோம். அது மிகப் பெரியது, அவ்வளவே. ஜெர்மனியிலும் போலந்திலும் ‘ஓப்பன்கேச்சிங்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் நடத்தும் தளங்கள் உள்ளன. அவற்றில் எல்லாமே இலவசம். ஜெர்மன் தளத்தில் வர்ச்சுவலும் வெப்கேமும் இன்றும் புதிதாக வைக்கலாம். நகரும் கேச்சுக்கும் இடம் உண்டு. கண்டெடுத்தவர் அதை வேறோர் இடத்தில் மறைத்துவைத்து, புதிய இட எண்களைத் தளத்தில் எழுதிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் உள்நாட்டுத் தேடிகள் நடத்தும் தளம் ஒன்று நகரும் கேச்களை ஏற்கிறது.

நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு. ஒரே பெட்டியை இரண்டு தளங்களிலும் பதிவு செய்கிறவர்கள் ஏராளம். ‘ஜிசி’ என்று தொடங்கும் குறியீடும் ‘ஓசி’ என்று தொடங்கும் குறியீடும் ஒரே பெட்டியையே குறிக்கக்கூடும் என்பதால், நீங்கள் தேடும்போது ஓப்பன்கேச்சிங்கில் மட்டுமே உள்ளவற்றைப் பிரித்தெடுக்கப் பாருங்கள். அங்கேதான் மற்ற தளத்தின் மேற்பார்வையாளர்கள் மறுக்கக்கூடிய கிறுக்குத்தனங்கள் குடியிருக்கின்றன. முன்பு சொன்ன ‘சி:ஜியோ’ செயலி இவ்விரு உலகங்களையும் ஒரே வரைபடத்தில் காட்டும்.

கேள்வி: ‘வேரிகோ’ என்ற சின்னத்தைத் தட்டினால் ஏதோ கோப்பு ஒன்றை இறக்கச் சொல்கிறது. வைரஸ் ஆக இருக்குமோ?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அஞ்ச வேண்டாம். அது ‘கார்ட்ரிஜ்’ எனப்படும் விளையாட்டுக் கோப்பு. 2008-இல் அறிமுகமான இவ்வகையில், கணினி விளையாட்டின் திரைக்குப் பதிலாகத் தெருவே களமாகிறது. குறிப்பிட்ட இடத்துக்கு நீங்கள் நடந்து சென்றால்தான் கதையின் அடுத்த பாத்திரம் பேசும். லுவா என்னும் நிரல்மொழியில் எழுதப்படுவதால், வைப்பவருக்கு நிரலாக்கம் ஓரளவாவது கைவந்திருக்க வேண்டும். இந்த வகை பெருகாததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. முதன்முறை முயல்பவர்கள், பெயரில் ‘ரிவர்ஸ் வேரிகோ’ என்றிருப்பவற்றைத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கோப்புதான். கேச்சின் பக்கத்தில் உள்ள மூன்று எண்களை அதில் உள்ளிட்டால், பெட்டி இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. சுற்றிச் சுற்றி நடந்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: நான் நிலவியல் கற்பிக்கும் ஆசிரியை. பூமிச் சின்னம் கொண்ட ‘எர்த்கேச்’ வகை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை எப்படித் தேடுவது? தமிழ்நாட்டில் நானே ஒன்றை உருவாக்க முடியுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: பெட்டியில்லா வகைகளுள் கதவு இன்றும் திறந்தே இருப்பது இதுதான். அமெரிக்க நிலவியல் கழகத்தின் முன்முயற்சியில் உருவான இவ்வகையில் முதலாவது, 2004 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில், வாஸ்ப் ஹெட் என்னும் பாறைமுனையில் வெளியானது. ஓர் இடத்தின் பாறையோ மண்ணோ நீரோட்டமோ எப்படி உருவாயிற்று என்ற பாடத்தைப் படித்து, நேரில் பார்த்தால் மட்டுமே சொல்லக்கூடிய விடைகளை வைத்தவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியவுடன் ‘கண்டேன்’ என்று பதிவிட்டுவிடலாம். ஒப்புதலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

தேடுவதற்கு இதைவிட எளிய வகை இல்லை. வகையை வடித்துவிட்டு, நாட்டின் பெயரைக் கொடுத்து, விருப்பப் புள்ளிகளின் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கட்டண உறுப்பினர்கள் பத்துக் கேச் கண்டால்தான் ஒரு விருப்பப் புள்ளி கொடுக்க முடியும் என்பதால் அந்தப் புள்ளிகளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சுற்றுலாத் தலங்களில் கூட்டத்தாலேயே புள்ளிகள் குவியும். ஆகவே மொத்தப் புள்ளியைவிட, வந்தவர்களில் எத்தனை பங்கினர் கொடுத்தார்கள் என்ற விகிதத்தைப் பாருங்கள்.

உருவாக்குவதற்குத் தமிழ்நாட்டில் இடத்துக்குப் பஞ்சமா? உங்கள் மாவட்டத்திலேயே திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு முழு அடிமரமே கல்லாகிக் கிடக்கிறது. சென்னைப் பரங்கிமலைப் பகுதியின் பாறைக்கோ உலக நிலவியலில் தனிப் பெயரே உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லும் அதே பாறைதான் என்று கண்டு, தாமஸ் ஹாலந்து அதற்கு ‘சார்னகைட்’ எனப் பெயரிட்டார். இம்மூன்றும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாக அறிவித்தவை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று பதிவாகியிருக்கிறதா என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். பிறகு நிலத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதியைப் பெறுங்கள். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கச் சொல்லாத பாடமாக அமையுங்கள். விளக்கமும் கேள்விகளும் வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது இவ்வகையின் விதிகளுள் ஒன்று. அதாவது நீங்கள் தமிழில்தான் எழுத வேண்டும். இந்த விதியை வகுத்தவர்களுக்கு என் வணக்கம்.

கேள்வி: விண்வெளியில் ஒரு கேச் இருக்கிறதாமே? அதைத் தேடல் பக்கத்தில் காண முடியுமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: காணலாம், கண்ணே. ஜிசி1பிஇ91 என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பக்கம் திறக்கும். 2008-இல் தம் சொந்தச் செலவில் அங்கே போன ரிச்சர்ட் காரியட் அதை வைத்தார். 2013-இல் ரிக் மாஸ்ட்ராக்கியோ என்ற விண்வெளி வீரர்தான் முதன்முதலாக அதைக் ‘கண்டுபிடித்தார்’. பூமியில் மிகப் பழையது வேண்டுமென்றால் ஜிசி30 என்று தட்டிப் பார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் வைத்தது. அந்த மாதம் 2-ஆம் தேதிதான் ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் குறைத்துவைத்திருந்த தடையை அமெரிக்க அரசு நீக்கியது, மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகனில் முதல் பெட்டியை வைத்தார். குறியீடுகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்ததால், குறியீடு குட்டையாக இருந்தால் கேச் கிழவன் என்று அறிந்துகொள்.

கேள்வி: சுற்றுலா சென்றிருந்தபோது வெப்கேம் கேச் ஒன்றைத் தேடிப் போனோம். கேமரா இயங்கவில்லை. அதே கம்பத்தின் கீழ் நின்று கைபேசியில் எடுத்த படத்தை இட்டோம்; வைத்தவர் பதிவை நீக்கிவிட்டார். இது நியாயமா? அப்படியானால் எங்கள் ஊரில் நாங்களே ஒரு கேமராவை நிறுவி, புதிய வெப்கேம் கேச் வைக்க முடியுமா?
– தம்பதியர், மலேசியா

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது; ஆனால் நியாயம் அவர் பக்கம். அந்தக் கேமராவே எடுத்த படம்தான் சான்று. தற்படம் செல்லாது என்பது விதி. நீக்காமல் விட்டால் அவருடைய கேச்சையே காப்பகத்துக்கு அனுப்பிவிடக்கூடும். மூடப்பட்ட வகை என்பதால் மறுபடியும் வைக்க அவரால் இயலாது.

நானும் ஒருமுறை மூன்று மணிநேரம் ரயிலில் சென்று அத்தகைய சதுக்கம் ஒன்றில் இறங்கினேன். கேமரா இயங்கத்தான் செய்தது. பராமரிப்பவர்கள் அதைத் திருப்பிவைத்ததில் ஒரு மதிற்சுவரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. முந்தைய வாரமே இருவர் அதைப் பதிவில் எழுதியிருந்தார்கள். படிக்காமல் போனது என் பிழை. வெப்கேம் கேச்சுக்குப் புறப்படும் முன் கடைசி ஐந்து பதிவுகளைப் படியுங்கள். கேமராவின் இணைப்பைத் திறந்து, படத்தில் உள்ள கடிகாரம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பலவற்றில் படம் மட்டும் இருக்கும், அது சென்ற ஆண்டுப் படமாக இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு: ஜியோகேச்சிங் டாட் காமில் முடியாது. வெப்கேமை ஏற்கும் ஓப்பன்கேச்சிங் தளம் உள்ள நாடுகளில் முடியும்.